பூத்த புரோமிலியாடை நம்பி வாங்கலாமா?

கேள்வி: நர்சரியில் சிவப்புப் பூவோடு நின்ற பெரிய குஸ்மேனியாவை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். 'வருஷம் பூரா பூக்கும்' என்றார்கள். ஐந்து மாதத்தில் பூ பழுத்து, இலையும் காய்கிறது. தண்ணீர் அதிகமாகிவிட்டதா? (கோவை வாசகி)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை. குஸ்மேனியா சேர்ந்த புரோமிலியாட் குடும்பத்தில் பெரும்பாலானவை வாழை மாதிரிதான். ஒரு முறை பூக்கும், பக்கக்கன்று விடும், தாய்ச்செடி மெல்ல மடியும். அன்னாசியும் இதே குடும்பம். அன்னாசித் தோட்டத்தில் எத்திலீன் வாயுவை வெளிவிடும் எத்தரல் மருந்தை ஊற்றி ஒரே சமயத்தில் பூக்க வைப்பார்கள் இல்லையா? அழகுச் செடிகளையும் அப்படித்தான் எத்திலீன் கொடுத்துப் பூக்க வைத்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். அது குற்றமில்லை. வாங்குகிறவரிடம் மறைப்பதுதான் குற்றம். தார் வெட்டிய வாழை மறுபடி குலை தள்ளும் என்று நம் ஊரில் யாரிடமாவது விற்க முடியுமா? புரோமிலியாட் பலருக்குப் புதுசு என்பதால் துணிந்து சொல்கிறார்கள். ஒவ்வொரு கடிதத்திலும் இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. செடியைத் தூக்கி எறியாதீர்கள். அடியில் வரும் கன்று தாயில் மூன்றில் ஒரு பங்கு உயரம் வந்ததும் பிரித்து, தேங்காய் மட்டைத் துண்டும் அடுப்புக்கரியும் கலந்து நடுங்கள். பில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கேள்வி: புரோமிலியாட் செடியோடு காப்பர் பூஞ்சை மருந்தையும் தலையில் கட்டிவிட்டார்கள். அடிக்கலாமா? (தாம்பரம்)

பதில்: கூடாது, தாமிரம் இந்தச் செடிக்கு விஷம். மருந்தின் சீல் உடைக்காமல் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

கேள்வி: நீலப் பூ புரோமிலியாட் விதை 199 ரூபாய் என்ற விளம்பரம் பார்த்து, போனிலேயே பணம் அனுப்பினேன். முளைத்தது ஏதோ கீரை. பில் இல்லை, கடைப் பெயரும் தெரியாது. (திருச்சி)

பதில்: பெயர் தெரியாதவருக்கு எதற்கு அனுப்பினீர்கள்? யார் மேல் புகார் எழுதுவது? பணம் போன விவரத்தை வைத்து சைபர் மோசடி உதவி எண் 1930-ல் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அல்கன்டேரியா இம்பீரியாலிஸ் என்ற பெரிய புரோமிலியாட் கன்று 3,500 ரூபாய் சொல்கிறார்கள். அசலா என்று எப்படிப் பார்ப்பது? (புதுச்சேரி)

பதில்: இலை விளிம்பில் விரலை ஓட்டுங்கள். பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ பக்கத்து மலைப்பாறைகளில் வளரும் இந்தச் செடிக்கு முள் கிடையாது. நான் 2,800 ரூபாய் கொடுத்து வாங்கியதில் முள் இருந்தது. 'போகப் போக உதிரும்' என்றார் கடைக்காரர். மூன்று வருடம் தண்ணீர் ஊற்றியபின்தான் அது ஏக்மியா என்ற வேறொரு முள் புரோமிலியாட் என்று தெரிந்தது. அசல் செடி ஒன்றரை மீட்டர் வரை விரியும், பூக்கப் பத்து வருடம் போல ஆகும். இலைகளின் நடுக்குழியில் தேங்கும் தண்ணீரை வாரம் இரண்டு முறை ஹோஸ் அடித்து மாற்றாவிட்டால் கொசு வரும். இதற்கெல்லாம் சம்மதம் என்றால், செடியின் முழுப் பெயரை பில்லில் எழுதி வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.