வாறுகாலுக்கு மட்டும் நிதி இல்லையா?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன நகராட்சியில் இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சாரல் தொடங்கினால் எங்கள் தெரு வாறுகால் (சாக்கடை) நிரம்பி, தண்ணீர் நடை வரை வந்துவிடும். மனு மேல் மனு கொடுத்தாயிற்று. நிதி இல்லை என்கிறார்கள். இப்போது அதே தெருவில் நன்றாக இருந்த சிமெண்ட் சாலைக்கு மேலேயே பேவர் பிளாக் பதிக்கிறார்கள். முக்கில் உயர்கோபுர விளக்கு வேறு. அக்காவைக் கேரளத்துப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே வார்டு சபையில் ஜனங்களே உட்கார்ந்து முடிவு செய்கிறார்களாம். மலைக்கு அந்தப் பக்கம் நடப்பது இங்கே ஏன் நடக்க மாட்டேன் என்கிறது?

ச., தென்காசி மாவட்டம்

அன்புள்ள ச.,

நிதி இல்லை என்று அவர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

நம் நகராட்சிகளின் பட்ஜெட்டை வாங்கிப் பாருங்கள். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று கணக்கு இருக்கும். வீட்டு வரியோடு வசூலிக்கும் கல்வி வரியைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் செலவழிக்க முடியும். டெல்லியிலிருந்து வரும் பணத்துக்கும் கட்டு உண்டு. 2021 முதல் 2026 வரைக்குமான 15ஆவது நிதிக்குழு மானியத்தில், நம்மைப் போன்ற ஊர்களுக்கு 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கியே வந்தது. மாநில அரசின் திட்டங்கள் பெரும்பாலும் புதிதாக எதையாவது கட்டுவதற்கு. பூங்கா, சாலை, சந்தைக் கட்டடம், விளக்கு. கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். வாறுகாலில் மண் அள்ளியதற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

மண் அள்ளும் செலவு வருவாய் நிதியில்தான் வந்து விழும். சம்பளம், பென்ஷன், கரண்ட் பில் எல்லாம் போக அதில் மிஞ்சுவதுதான் மன்றம் தன் இஷ்டப்படி செலவழிக்கக்கூடிய பணம். 2022இல் வீட்டு வரி ஏறியதே, அந்தப் பணத்தில் ஒரு பங்கும் இங்கேதான் சேர்கிறது. ஆகவே பேவர் பிளாக்கை ஏன் போட்டார்கள் என்று சண்டை பிடிப்பதற்கு முன்னால், அது எந்த நிதி என்று பாருங்கள். மன்றப் பொருளில், அதாவது கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீட்டுத் தொகையோடு அது எழுதியிருக்கும். திட்டப் பணம் என்றால், அதை வாறுகாலுக்குத் திருப்பும் அதிகாரம் பெரும்பாலும் உங்கள் கவுன்சிலருக்கு இல்லை. சொந்த நிதி என்றால் விடாதீர்கள், சட்டையைப் பிடித்துக் கேட்கலாம்.

சரி, அக்கா சொல்வதற்கு வருவோம். 1996இல் கேரளம், ஊர் வேலைகளை ஊரே தீர்மானிக்கும் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவெடுத்தது. பெரிய விஷயம். ஆனால் வார்டு சபைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வீடு, ஆடு, கோழிப் பயனாளிப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்கள் என்று அங்கேயே முணுமுணுப்பு உண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. அங்கே உள்ளாட்சிக்கு வரும் பணத்தில் வளர்ச்சி நிதி தனி, பராமரிப்பு நிதி தனி. பராமரிப்பிலும் சாலைக்கு ஒரு பங்கு, மற்றவற்றுக்கு ஒரு பங்கு. இருப்பதைக் காப்பாற்றவும் காசு வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நம்மிடமும் பராமரிப்புப் பற்றாக்குறைக்கு ஒரு நிதி உண்டு. பற்றாக்குறை என்று காட்டி, மேலே கேட்டு வாங்க வேண்டும்.

சபை நமக்கும் வந்துவிட்டது. 2022 நவம்பர் 1 அன்று நகரங்களில் பகுதி சபை கூட்டினார்கள். (செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்ததும் ஒரு நவம்பர் 1தான், 1956இல்.) உங்கள் வார்டில் அடுத்தது எப்போது என்று நகராட்சியில் கேளுங்கள். நாலு வீட்டுக்காரர்களோடு போங்கள். தனியாளாகப் போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

போவதற்கு முன்னால் ஒன்று. உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்காரர்கள் பைக் ஏற்ற வாறுகால் மேலேயே சிமெண்ட் பலகை போட்டுப் பூசியிருக்கிறார்கள்? நான் பார்த்த தெருக்களில் தூய்மைப் பணியாளர் மண்வெட்டியை எங்கே விடுவது என்று தெரியாமல் நிற்பார். இரண்டு வீட்டுக்கு நடுவே திறந்திருக்கும் ஒரு முழத்தில் மட்டும் அள்ளி, அந்தச் சகதியைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு அது திரும்ப உள்ளே. இதில் பேவர் பிளாக் வேறு தெருவை உயர்த்திவிட்டால் வீடு பள்ளமாகிவிடும். உங்கள் வீட்டுப் பலகையை முதலில் கழற்றி மாட்டும்படி செய்துவிட்டுப் போங்கள். பேச்சுக்கு மரியாதை இருக்கும்.

கேட்பதையும் நறுக்கென்று கேளுங்கள். 'வாறுகாலைச் சரிசெய்ய வேண்டும்' என்றால் ஆகட்டும் என்பார்கள். எந்த முக்கிலிருந்து எந்தப் பாலம் வரை, எந்த நிதியில், மே மாதம் முடிவதற்குள்ளா என்று கேட்டு, பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதாவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு இருக்கிறது. பேவர் பிளாக்கின் மதிப்பீட்டையும் மன்றத் தீர்மான நகலையும் அதிலேயே கேட்டுவிடலாம். வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், எந்த நிதி என்று சேர்ந்தே பார்ப்போம்.