நகையை வைத்து அனிமேஷன் மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 24. மதுரையில் இருந்தபடியே விளம்பர நிறுவனங்களுக்கும் சிறுவர் இதழ்களுக்கும் படம் வரைந்து தருகிறேன். மாதம் 20,000 முதல் 28,000 ரூபாய் வரை வரும். சில மாதங்களில் அதுவும் வராது. சேமிப்பு 70,000 ரூபாய். வீட்டுக்கும் என் செலவுக்குமாக மாதம் 12,000 ஆகிறது. ஜப்பானிய அனிமே பாணியில், கையாலேயே வரைந்து நான்கு நிமிடக் குறும்படம் எடுத்து, அதைக் காட்டி வெளிநாட்டு வேலைகள் பிடிக்க ஆசை. டூன் பூம் ஹார்மனி பிரீமியம் என்ற அனிமேஷன் மென்பொருளின் ஓராண்டுச் சந்தா, திரையிலேயே வரையும் பென் டிஸ்ப்ளே இரண்டும் சேர்ந்து ஒன்றரை லட்சம் ஆகும்போல. அம்மா நகையை வைத்துத் தருகிறேன் என்கிறார். அப்பா, வீண் செலவு என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: நகையை வைக்க வேண்டாம். படத்தைக் கைவிடவும் வேண்டாம். நீங்கள் எடுக்க நினைக்கும் படத்துக்கு ஒன்றரை லட்சம் தேவையே இல்லை.

முதலில் படத்தின் உண்மையான செலவைப் பார்ப்போம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம் (நிலைக்காட்சி) ஓடும். அனிமேயில் பெரும்பாலும் வரைந்த ஒரு படத்தை மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்துவார்கள். அதாவது நொடிக்கு 8 படம். ஒரு நிமிடத்துக்கு 480, நான்கு நிமிடத்துக்கு 1,920. ஒரு படத்தை வரைந்து, கோட்டைச் சுத்தம் செய்து, வண்ணம் தீட்ட 20 நிமிடம் என்று வைத்தால் மொத்தம் 640 மணி நேரம். வயிற்றுப்பாட்டு வேலை போக நாளுக்கு நான்கு மணி நேரம் ஒதுக்கினாலும் 160 நாள். பின்னணிகள், ஸ்டோரிபோர்டு (காட்சிகளை முன்கூட்டியே வரிசையாக வரைந்து பார்ப்பது), ஒலி எல்லாம் தனி. உங்கள் பெரிய முதலீடு இந்த நேரம்தான். பாதுகாக்க வேண்டியதும் இதைத்தான்.

இந்தக் கணக்கை எப்படிக் குறைப்பது என்பதற்கு அனிமேயின் வரலாற்றிலேயே வழி இருக்கிறது. 1963-இல் ஜப்பானியக் காமிக்ஸ் கலைஞர் ஒசாமு தெசுகாவின் நிறுவனமான முஷி புரொடக்‌ஷன் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரை வாராவாரம் அரை மணி நேரம் தர வேண்டியிருந்தது. பணமும் ஆளும் போதவில்லை. அதனால் அசையாத படத்தின் மேல் கேமராவை நகர்த்தினார்கள், வரைந்த காட்சிகளைச் சேர்த்து வைத்து மறுபடி பயன்படுத்தினார்கள், பேசும்போது வாயை மட்டும் அசைத்தார்கள். இன்றும் அனிமேயில் வாய்க்கு மூடியது, பாதி திறந்தது, முழுதும் திறந்தது என்று மூன்று படங்களே பெரும்பாலும் போதும். இப்படித் திட்டமிட்டால் உங்கள் 1,920 படங்கள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். எந்தச் சந்தாவும் இவ்வளவு மிச்சம் பிடித்துத் தராது.

சரி, மென்பொருளுக்கு வருவோம்.

ஹார்மனி நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் முழுப் பலம், பாத்திரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து எலும்புக்கூடு கட்டி அசைப்பதிலும், பலர் ஒரே தொடரில் சேர்ந்து வேலை பார்ப்பதிலும் இருக்கிறது. தொலைக்காட்சித் தொடர் செய்யும் ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தால் உரிமத்தை அவர்களே தருவார்கள். வாடிக்கையாளர் ஹார்மனி கோப்புதான் வேண்டும் என்றால், அந்த மாதத்துக்கு மட்டும் சந்தா கட்டி, அதைப் பில்லில் சேர்த்துவிடுங்கள். தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு படமாக வரையப்போகிறவர் ஆண்டு முழுவதும் அதற்கு வாடகை கட்டுவதில் அர்த்தமில்லை. முதல் இரண்டு மூன்று மாதம் கதை, ஸ்டோரிபோர்டு, பாத்திர வடிவம் என்றே போகும். சந்தா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அது முடிந்த பிறகு ஒரு காட்சியைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி பணம் கட்டித்தான் கோப்பைத் திறக்க முடியும்.

ஓப்பன்டூன்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருள் முழுக்க இலவசம். தொழில்முறை வேலைக்கும் தடையில்லை. இத்தாலியில் உருவான டூன்ஸ் என்ற மென்பொருளை ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஸ்டுடியோ கிப்லி ‘பிரின்சஸ் மோனோனோகே’ படம் எடுத்த காலம் முதல் தன் வசதிக்கு மாற்றிப் பயன்படுத்தியது. அந்த வழியில் வந்ததைத்தான் 2016-இல் ஜப்பானின் துவாங்கோ நிறுவனம் எல்லோருக்கும் திறந்துவிட்டது. காகிதத்தில் வரைந்து ஸ்கேன் செய்து, கோட்டைச் சுத்தமாக்கி, வண்ணம் நிரப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது சரியாகப் பொருந்தும். முதல் சில வாரம் படுத்தும், பொறுத்துக்கொள்ள வேண்டும். கணினியில் நேரடியாக வரைந்தே பழகியவர் என்றால் கிரிட்டா என்ற மென்பொருள் கைக்கு இதமாக இருக்கும், அதுவும் இலவசமே. ஆனால் ரேமை நிறையத் தின்னும். அதனால் முழுப் படத்தையும் ஒரே கோப்பில் போடாதீர்கள். ஜப்பானில் செய்வதுபோல ஒவ்வொரு ‘கட்’டுக்கும் (ஷாட்டுக்கும்) தனிக் கோப்பு வைத்து, கடைசியில் எடிட்டிங்கில் சேர்த்துவிடுங்கள்.

காசு கொடுத்து வாங்குவதென்றால் என் தேர்வு ஜப்பானின் செல்சிஸ் நிறுவனம் தரும் கிளிப் ஸ்டுடியோ பெயிண்ட். ஆனால் இங்கே நிறையப் பேர் ஓர் இடத்தில் சறுக்குகிறார்கள். விலை குறைவு என்று ‘புரோ’ பதிப்பை வாங்கிவிடுவார்கள். அதில் ஓர் அனிமேஷனுக்கு 24 ஃபிரேம்தான் வரம்பு. நொடிக்கு எட்டு ஃபிரேம் மட்டும் என்று வைத்தாலும் மூன்று நொடியில் முடிந்துவிடும். குறும்படத்துக்கு ‘இஎக்ஸ்’ பதிப்பு தேவை. அதில் அந்த வரம்பு இல்லை. விண்டோஸ், மேக் கணினிகளுக்கு இதை ஒரே முறை பணம் கட்டி வாங்கலாம். ஐபேட், ஆண்ட்ராய்டு என்றால் சந்தா மட்டுமே. ஒருமுறை வாங்கினால் அடுத்த பெரிய பதிப்பின் புது வசதிகள் இலவசமாக வராது; ஆனால் வாங்கியது உங்களிடமே இருக்கும். வருமானம் ஏறி இறங்கும் ஒருவருக்கு இந்த ஏற்பாடுதான் நிம்மதி. ஆண்டுக்குச் சில முறை தள்ளுபடி வரும், அதுவரை முழு விலைக்கு வாங்காதீர்கள். வாங்குவதும், முதல் அனிமேஷன் வேலைக்கு முன்பணம் கைக்கு வந்த பிறகு.

இனி உங்கள் 70,000. வருமானம் நிலையாக இல்லாததால் நான்கு மாதச் செலவான 48,000 ரூபாயைத் தொடவே கூடாது. அதை வங்கியில் தனி வைப்பாகப் போட்டுவிடுங்கள். மீதி 22,000-இல் கணினியின் ரேமை 16 ஜிபிக்கு உயர்த்துங்கள், கோப்புகளை நகல் எடுத்து வைக்க ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். பென் டிஸ்ப்ளே இப்போது வேண்டாம், சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் திரை இல்லாத சாதாரணப் பேனா டேப்லெட் போதும். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்று கடையில் சொன்னாலும் செயலாக்கக் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டியும் பெரும்பாலும் தனியாக வரும்.

வெளிநாட்டு மென்பொருளுக்கு டாலரில் கார்டு தேய்த்தால் வங்கி மாற்றுக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்க்கும். தானாகப் புதுப்பிக்கும் சந்தா 15,000 ரூபாய்க்குள் இருந்தால் ஓடிபி கேட்காமலே பணம் போய்விடும். ஒரு நாள் முன்பு வரும் குறுஞ்செய்தியைப் பார்க்காமல் விடாதீர்கள்.

நகைக் கடனைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். குறும்படமோ ஆறேழு மாதத்துக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. அந்த இடைவெளியில் வேலை வராத மாதம் ஒன்று வந்தால், அம்மாவின் நகைக்கும் உங்கள் படத்துக்கும் சேர்த்துக் கவலைப்பட வேண்டியிருக்கும். அப்பாவிடம் மென்பொருள் செலவு இப்போதைக்குப் பூஜ்யம் என்று சொல்லி, முதல் ஒரு நிமிடத்தை முடித்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. விளம்பர நிறுவனங்கள் உங்களுக்குத் தரும் தொகையில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருக்க வாய்ப்புண்டு. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் எண்ணை வைத்துப் பாருங்கள். உங்கள் ஆண்டு வருமானத்துக்கு வரி வராது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்த பணம் திரும்பி வரும். இஎக்ஸ் பதிப்புக்கான பணத்தை அதிலிருந்து சேர்க்கத் தொடங்குங்கள்.