எந்த ஆண்டு விதி உங்களுக்கு?

(கல்லூரி அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மகனைத் தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்த்து, முழு ஆண்டுக் கட்டணமும் கட்டிவிட்டோம். பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கேட்டால் 'விதி மாறிவிட்டது' என்கிறார்கள். மார்க் ஷீட்டையும் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: விதி மாறியது உண்மைதான். ஆனால் அது உங்களுக்குச் சாதகமாகத்தான் மாறியிருக்கிறது. 2018-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) போட்ட கணக்கு இது: சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்குக் குறைந்தது 15 நாள் முன்பு விலகினால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும் (அதில் சிறு பிடித்தம் உண்டு). அதன் பிறகு 90, 80, 50 சதவீதம் என்று இறங்கும். கடைசித் தேதி போய் 30 நாள் தாண்டினால் ஒன்றும் கிடையாது. 2022-ல் கியூட், ஜேஇஇ நுழைவுத் தேர்வுகள் தள்ளிப்போய்ப் பெற்றோர் அவதிப்பட்டதால், அந்த ஆண்டுக்கென்று தனிச் சலுகை வந்தது. 2024-25-க்கும் வந்தது: செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணம், அக்டோபர் 31-க்குள் என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான் பிடிக்கலாம் என்றார்கள். உங்கள் மகன் சேர்ந்த ஆண்டுக்கு இப்படிச் சுற்றறிக்கை உண்டா என்று முதலில் யுஜிசி தளத்தில் பாருங்கள். இல்லையென்றால் 2018 கணக்குதான். பொறியியல் என்றால் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் (ஏஐசிடிஇ) விதியைப் பார்க்க வேண்டும்.

மார்க் ஷீட்டை வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமையே இல்லை. அசலைச் சரிபார்த்த கையோடு மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்று அதே 2018 அறிவிக்கை சொல்கிறது.

இனி நேரில் போய்க் கெஞ்ச வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், வாயால் சொன்ன எதுவும் கோப்பில் ஏறாது. 'விலகுகிறேன்' என்று மகன் கையெழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதம் என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்யும்; 'அடுத்த வாரம் வாங்க' என்று இழுத்தடிப்பதும் அதற்காகத்தான். 15 நாளில் பணம் வராவிட்டால் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதுங்கள். யுஜிசியின் இ-சமாதான் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம்.

கேள்வி: என் மகள் 2020-ல் பி.இ. சேர்ந்தவள். கணக்கில் அரியர் இருக்கிறது. பாடத்திட்டம் மாறிவிட்டதால் பழைய பேப்பர் இனி வராது, உடனே சேருங்கள் என்று ஒரு கோச்சிங் சென்டர் பயமுறுத்துகிறது.

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால், உங்கள் மகளுக்கு 2017 ரெகுலேஷன் (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் அடங்கிய தொகுப்பு); அந்தப் பழைய பாடத்திட்டத்திலேயே அரியர் எழுதலாம். 2021 ரெகுலேஷன் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குத்தான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஜூனியரிடம் நோட்ஸ் வாங்கிப் படிக்கும் பிள்ளைகள் பாடக் குறியீட்டைப் பார்ப்பதில்லை. முதல் செமஸ்டர் கணக்கு 2017 ரெகுலேஷனில் எம்ஏ8151, 2021 ரெகுலேஷனில் எம்ஏ3151. இரண்டுக்கும் பாடத்திட்டம் வேறு. பழைய குறியீட்டில் வந்த வினாத்தாள்களைத் தேடி எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படிப்பை முடிக்க மொத்தம் 7 ஆண்டுதான். அதற்குப் பிறகு சிறப்பு வாய்ப்பு என்று அறிவிப்பதும் உண்டு, அதை நம்பி இருக்க வேண்டாம்.

கேள்வி: பேத்தி ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். இரண்டு வருஷத்தோடு நிறுத்தினால் டிப்ளமோ தருவார்களாம். வீட்டில் வரன் பார்க்கிறார்கள், நிறுத்திவிடலாமா?

பதில்: யுஜிசியின் 2022 கட்டமைப்புப்படி தருவார்கள், கோடையில் 4 கிரெடிட்டுக்கு (படிப்பின் அளவைக் குறிக்கும் புள்ளி) ஒரு தொழிற்பயிற்சிப் படிப்பும் முடித்திருந்தால். மூன்று ஆண்டுக்குள் திரும்பி வந்து சேரலாம், மொத்தம் 7 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். பணமுடை வந்தால் ஒதுங்கி நின்றுவிட்டு வர இந்த வழி உதவும். ஆனால் வரனுக்காக நிறுத்தினால் திரும்பி வருவாள் என்பதற்கு யார் பொறுப்பு? இன்னும் ஒரே ஆண்டில் பட்டம் கைக்கு வந்துவிடும். மாப்பிள்ளை வீட்டாரிடம் அதுவரை பொறுக்கச் சொல்லிப் பாருங்கள் ஐயா. அதற்கும் முன்னால் பேத்தியைக் கேளுங்கள், உங்கள் கடிதத்தில் அவள் விருப்பம் பற்றி ஒரு வரிகூட இல்லை.