பாளை தட்டும் ஓசை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்கு அருகிலிருந்து எழுதுகிறேன். கோவையில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தின் செய்முறைப் பாடத்துக்காக, எங்கள் தோப்பில் தென்னங்கள் இறக்கும் பெரியவரைப் பற்றி எட்டு நிமிட ஆவணப்படம் ஒன்று எடுத்தேன். ஆடி மாதம் என்பதால் காற்றிரைச்சல் மிகுதி. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கொடுத்துச் சுத்தம் செய்து பார்த்தேன். அப்போதும் அவர் பேச்சு சரியாக வராததால் பெரும்பகுதியை நீக்கிவிட்டு, இலவச இசைக்கோப்பு ஒன்றைச் சேர்த்து, என் குரலில் விவரணை கொடுத்தேன். ட்ரோன் காட்சிகளையும் வண்ணத் திருத்தத்தையும் வகுப்பில் எல்லோரும் பாராட்டினார்கள்.

படத்தோடு, இந்த ஓராண்டில் என் டிஜிட்டல் தொழில்நுட்பத் திறன் எவ்வாறு வளர்ந்தது என்று ஓர் அறிக்கையும் தர வேண்டும். சென்ற ஆண்டு கைப்பேசியில் வெட்டி ஒட்ட மட்டுமே தெரியும். இப்போது டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருள், ஃபோட்டோஷாப், ட்ரோன் எல்லாம் தெரியும். இவற்றை வரிசையாக எழுதினால் போதுமா? கேமரா வாங்கித் தரும்படி வீட்டில் கேட்கலாமா? அடுத்து எந்த மென்பொருளைக் கற்பது? எங்கள் ஊர்த் தமிழைத் தானியங்கி வசன எழுத்து தப்பும் தவறுமாகக் காட்டுகிறது. அதற்கு வழி உண்டா? படத்தின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

படத்தை முழுவதும் பார்த்தேன். தனி மடலில் நான்கு வரி எழுதி முடித்திருக்கலாம். ஆனால் சில மாதங்களாக என் மனத்தில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த ஒன்றை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது. ஆகவே இங்கேயே எழுதுகிறேன்.

கேமரா வேண்டாம். வீட்டில் கேட்காதீர்கள். உங்கள் கையிலிருக்கும் கைப்பேசி, நீங்கள் இப்போது எடுக்க விரும்பும் எதற்கும் போதும். மென்பொருள் எது என்பதும் பெரிய கேள்வி இல்லை. ரிசால்வின் இலவசப் பதிப்பே இன்னும் பல ஆண்டுகளுக்குத் தாங்கும். அதற்குள் ஒலிக்கென்றே ஃபேர்லைட் என்று தனிப்பக்கம் ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் திறந்து பார்த்ததாக உங்கள் படத்தில் ஓர் அடையாளமும் இல்லை.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவர் கத்தி தீட்டும் காட்சியிலிருந்து அவருடைய பாதம் மரத்தைப் பற்றும் காட்சிக்கு நீங்கள் வெட்டியிருக்கும் இடம் மிகச் சரியானது. யாரும் சொல்லித்தந்து அது வருவதில்லை. அந்த முகத்தை அவ்வளவு நெருக்கத்தில் எடுக்க அவர் உங்களை அனுமதித்திருக்கிறார் என்றால் நீங்கள் அவரோடு பழகியிருக்கிறீர்கள், அவர் பேச்சை நாள் முழுக்கக் கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. எட்டு நிமிடப் படத்தில் அவர் பேசுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மீதி நேரமெல்லாம் எந்த நாட்டிலோ எவரோ வாசித்த பியானோ ஒலிக்கிறது.

ஐந்தாம் நிமிடத்தில் அவர் மரத்தின் உச்சியில் அமர்ந்து பாளையைத் தட்டுகிறார். அந்தக் காட்சியை மீண்டும் பாருங்கள். கை அசைகிறது, பியானோ கேட்கிறது. கள் இறக்கும் தொழிலில் சீவுவதைக் காட்டிலும் நுட்பமானது அந்தத் தட்டல்தான். விரியாத பாளையைக் கட்டி, அதன் உள்ளே சாறு ஊறும்படி நாள்தோறும் மெல்ல மெல்லத் தட்டிப் பதப்படுத்த வேண்டும். ஓங்கித் தட்டினால் பாளை கெடும், போதாமல் தட்டினால் கள் ஊறாது. எங்கே நிறுத்துவது என்பதைக் கையும் காதும் சேர்ந்து அறிகின்றன. கேரளத்தின் பல மாவட்டங்களுக்கு இன்றும் கள் போவது நம் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்துத் தோப்புகளிலிருந்து. எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் போனால் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தோப்புகளில் அந்த ஓசையை வெளிப்படையாகக் கேட்பதே அரிதாகிவிட்டது. அது இன்னும் உயிரோடிருக்கும் ஊரில் பிறந்து, அந்த மரத்தடியிலேயே நின்று படம் பிடித்த நீங்கள் அதை அழித்திருக்கிறீர்கள். காற்றின் மேல் பழியைப் போடாதீர்கள்.

காற்றைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதை அறியாமல் இந்த மண்ணில் யாரும் படம் எடுக்க முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விலகி நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று பெரும்பாலும் அந்த வாயில் வழியாகத்தான் கோவைப் பக்கம் பாய்கிறது. கஞ்சிக்கோட்டிலும் உடுமலைப் பக்கத்திலும் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்தக் காற்று ஒலிவாங்கியின் மெல்லிய சவ்வில் நேராக மோதும்போது, நாம் செவியால் கேட்கும் சத்தம் அங்கே பதிவதில்லை. காற்றுச் சுழல் சவ்வை அழுத்தியும் விட்டும் உண்டாக்கும் அதிர்ச்சிதான் ஒரு பெரிய உறுமலாகப் பதிகிறது. அது எல்லை மீறும்போது ஒலியலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்படி வெட்டுப்பட்ட இடத்தில் பேச்சின் எந்தத் தகவலும் மிஞ்சுவதில்லை. பிறகு எந்தச் செயலி தருவதும் மீட்டெடுத்த குரல் ஆகாது, ஊகித்துச் செய்த குரல்தான்.

இதற்கு மருந்து பதிவு செய்யும் இடத்தில்தான் இருக்கிறது. ஒலிவாங்கிக்கு நீள்மயிர் உறை போட்டால் காற்று சவ்வுக்கு எட்டும் முன்பே வேகமிழக்கும். அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. பழைய பொம்மையின் மயிர்த்துணியைத் தைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது தூரம். திறந்த வெளியில் ஒலிக்கும் வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடைப்பட்ட தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. ஓரடியில் வைப்பதற்கும் 32 அடியில் வைப்பதற்கும் 30 டெசிபல் வேறுபாடு. பெரியவர் மரத்தின் உச்சியில், உங்கள் கைப்பேசி மரத்தின் அடியில். இடையிலிருக்கும் காற்று அத்தனையும் உங்கள் பதிவில் இருக்கிறது, அவர் மட்டும் இல்லை. வீட்டில் இன்னொரு கைப்பேசி இருந்திருக்குமே! ஒலிப்பதிவுச் செயலியில் சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதியும்படி வைத்து, விமானப் பயன்முறையில் போட்டு, அவர் இடுப்புத் துண்டின் மடிப்பில் பத்திரமாகச் செருகி அனுப்பியிருந்தால் மூச்சு வாங்குவதும், கத்தி பாளையில் இறங்குவதும், தட்டலும் அப்படியே கிடைத்திருக்கும். துணியின் மடிப்பே காற்றுக்கும் ஓரளவு மறைப்பாகியிருக்கும்.

ஏறும் முன் கேமராவுக்கு எதிரில் ஒரு முறை கை தட்டச் சொன்னால் படத்தையும் ஒலியையும் அந்த இடத்தில் பொருத்திக்கொள்ளலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: கைப்பேசி வினாடிக்கு 30 சட்டகம் (ஃப்ரேம்) என்று சொல்லிக்கொண்டாலும் வெளிச்சத்துக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் பதியும். அதனால் நேரம் செல்லச் செல்ல ஒலி உதட்டைவிட்டு விலகும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவசக் கருவியில் மாறாத சட்டக வீதத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு ரிசால்வுக்குள் கொண்டுவாருங்கள். ஒலியளவு காட்டியில் பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும், ஒலி வெட்டுப்படும் எல்லையான பூஜ்யம் வரை மேலே இடம் விட்டுவையுங்கள். யாரும் பேசாமல் தோப்பின் ஒலியை மட்டும் அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை ஒட்ட அது வேண்டும். காதில் ஹெட்ஃபோன் மாட்டாமல் பதிவு பொத்தானைத் தொடாதீர்கள். ட்ரோன் ஓட்டக் கற்ற உங்களுக்கு இவற்றில் ஒன்றும் கடினமில்லை. கல்லூரியில் யாரும் இதற்குப் பாராட்டமாட்டார்கள், அவ்வளவுதான்.

நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று உங்களுக்குத் தோன்றலாம். 1990-களின் தொடக்கத்தில் எங்கள் பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் நடந்தது. கம்பர் பாடியது என்று கொங்கு நாட்டார் நம்பும் மங்கல வாழ்த்தை அன்று பாடியவர், எங்கள் பகுதிக் கல்யாணங்களிலெல்லாம் பாடிவந்த முதியவர். அவருடைய பாட்டில் ஆழியாற்று நீரும் இந்தப் பக்கத்து ஊர்களும் வரும், அச்சிட்ட புத்தகங்களில் இல்லாத அடிகள் வரும். மலையாளம் உள்ளே கலந்த இழுப்பு அவர் குரலில் உண்டு. வீடியோக்காரர் முழுவதையும் படம் பிடித்தார். கேசட் வீட்டுக்கு வந்தபோது அந்தப் பகுதி முழுவதிலும் அசல் ஒலியை நீக்கிவிட்டு அந்த ஆண்டின் சினிமாப் பாட்டைப் போட்டிருந்தார். அன்றைக்கு எல்லோரும் அதை அழகு என்றுதான் நினைத்தார்கள். என் பெரியம்மா மட்டும், “அவர் பாடினது எங்கே?” என்று கேட்டார். மூல நாடாவில் வேறொரு கல்யாணத்தைப் பதிந்துவிட்டதாகப் பதில் வந்தது. அந்த முதியவர் இறந்துவிட்டார். அவர் பிள்ளைகள் பாடவில்லை. அந்தக் கேசட்டைப் பின்னாளில் கணினிக்கு மாற்றினோம். இன்று யார் கேட்டாலும் என்னால் அவரைக் காட்ட முடியும். வாய் திறக்கிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, கை எழுகிறது. ஓர் அடிகூட என்னால் கேட்கவைக்க முடியாது. சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வு மாணவர் அந்தப் பாட்டைத் தேடி என்னிடம் வந்தார். அவரிடம் அந்தக் கோப்பைப் போட்டுக் காட்டிய நாளிலிருந்து என் மனம் அமைதியாக இல்லை. நீங்கள் அதே காரியத்தை, அதைவிடச் சிறந்த கருவிகளைக் கொண்டு, மதிப்பெண்ணுக்காகச் செய்திருக்கிறீர்கள்.

இங்கே ஒலிக்கு இப்படி இரண்டாம் இடம் கொடுப்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. மலையாளத்தின் முதல் பேசும் படம் 1938-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில்தான் உருவானது. அந்தத் தொடக்க காலத்தில் நடிகர் பேசியது பேசிய இடத்திலேயே பதிவாயிற்று. பின்னர் பல பத்தாண்டுகள் நம் இரு மொழிகளிலும், முதலில் படம் பிடித்துவிட்டுப் பிறகு ஒலிப்பதிவு அரங்கில் பேசிச் சேர்ப்பதே வழக்கமாயிற்று. பிடித்த இடத்தின் ஒலி குப்பை என்ற எண்ணம் அப்படித்தான் ஊறியது. அந்த எண்ணத்தோடு வாதாடி, பிடிக்கும் இடத்திலேயே ஒலியைப் பதிய வேண்டும் என்று இடைவிடாமல் சொல்லிவருபவர் ரசூல் பூக்குட்டி. 2009-இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் பெற்ற அவர், கொல்லம் மாவட்டத்தில் அஞ்சலுக்கு அருகே விளக்குப்பாறையில் பிறந்தவர், நம் செங்கோட்டைக்கு மலையின் அந்தப் பக்கம். காதைப் பழக்குவதற்குப் பெருநகரத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியைப் பயன்படுத்தியது குற்றமில்லை. ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்து பயன்படுத்துங்கள். மனிதப் பேச்சை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் இரைச்சல் என்று தள்ளும்படி அது பயிற்றப்பட்டிருக்கிறது. பாளைத் தட்டலும், ஓலைச் சரசரப்பும், கிளியின் குரலும் அதற்கு இரைச்சல்தான். எஞ்சிய ஒரு நிமிடத்தில் பெரியவர் குளிரூட்டிய அறையில் அமர்ந்து பேசுவதுபோல ஒலிக்கிறார், பின்னால் தென்னை பேயாட்டம் ஆடுகிறது. தானியங்கி வசன எழுத்தை விட்டுவிடுங்கள். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும் பேச்சை அது ஒரே மொழி என்று நினைத்துக்கொண்டு குழம்புகிறது. படத்திலுள்ள பேச்சை உட்கார்ந்து கையால் எழுதுங்கள், அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். உங்கள் படத்தில் அவர் “வெள்ளம்” என்றது எழுத்தில் “தண்ணீர்” ஆகியிருக்கிறது. அதைத் திருத்த உங்களுக்கு உரிமை இல்லை.

அறிக்கையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மென்பொருள்களின் பெயர்ப்பட்டியல் யாருக்கும் வேண்டாம். காற்று வந்தபோது நீங்கள் எடுத்த முடிவு எது, அதனால் எது போயிற்று, மறுபடி எடுத்தால் எதை மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் ஒலித்தடத்தின் அலைவடிவில் உச்சி வெட்டுப்பட்ட இடத்தைத் திரைப்பிடியாக எடுத்து ஒட்டி, அதன் கீழே காரணத்தைச் சொல்லுங்கள். ஓராண்டில் வளர்ந்த திறனுக்கு அதைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரியவில்லை. மதிப்பெண் குறையுமா என்று கேட்காதீர்கள். குறைந்தால் குறையட்டும்.

மூலக்கோப்புகளை அழித்துவிடவில்லை என்று நம்புகிறேன். இன்றே இரண்டு வெவ்வேறு வட்டுகளில் படியெடுத்து, நாளும் இடமும் கோப்பின் பெயரிலேயே தெரியும்படி வையுங்கள். புரட்டாசிக் கடைசியில் பருவக்காற்று தணிந்திருக்கும், விடியற்காலையில் இன்னும் அடங்கியிருக்கும். அவர் முதல் முறை மரமேறுவதும் அந்த நேரத்தில்தானே. அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால், கைப்பேசியைத் துண்டில் செருகிக் கொடுத்தனுப்புங்கள். படம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஒலிக்கோப்பை, வெட்டாமல், சுத்தம் செய்யாமல், எனக்கு அனுப்பிவையுங்கள்.