எகிப்திய மம்மியின் துணியைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சுருக்கமாகச் சொன்னால் சிடி ஸ்கேன். தலையில் அடிபட்டவருக்கு எடுக்கிறோமே, அதே வகை மெஷின்தான். ஸ்கேன் சென்டரில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மம்மியைப் போல வசதியான நோயாளி கிடைக்க மாட்டார். மூச்சை இழுத்துப் பிடிங்க என்று சொல்ல வேண்டாம், அசையாதீங்க என்று கத்த வேண்டாம், கதிர்வீச்சு அளவைப் பற்றியும் உயிருள்ளவருக்குப் படுகிற கவலை இல்லை. ஆனால் படத்தைப் படிப்பது வேறு கதை. உடலிலிருந்து உறுப்புகளை எடுத்துவிட்டு நேட்ரான் உப்பில் வாரக்கணக்கில் காயவைத்ததால் தசை, தோல் எல்லாம் வற்றி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும், உள்ளே ஊற்றிய பிசின் வெளேரென்று தெரியும், தங்கத் தாயத்துகள் படத்தில் கோடுகோடாக இழுக்கும், நாம் வழக்கமாக வைக்கிற செட்டிங் எதுவும் அப்படியே ஒத்துவராது. எம்ஆர்ஐ எடுக்கலாமே என்று கேட்பார்கள். எம்ஆர்ஐ பெரும்பாலும் உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்துப் படம் காட்டுவது, இங்கேதான் தண்ணீரே இல்லையே.

சரி, இதில் என்ன கிடைத்தது? என்னைக் கேட்டால் மூன்றாம் ராம்செஸ் விஷயம்தான் உச்சம். கி.மு. 1155 வாக்கில் இறந்த மன்னர். அவரைக் கொல்ல அந்தப்புரத்திலேயே சதி நடந்தது, தியே என்ற ராணி தன் மகன் பென்டவெரேவை அரியணையில் ஏற்றப் பார்த்தாள் என்பதெல்லாம் அந்த வழக்கு விசாரணையைப் பற்றிய பாப்பிரஸ் சுருளில் இருக்கிறது. ஆனால் சதி பலித்ததா இல்லையா என்பது மட்டும் அதில் தெளிவாக இல்லை. 1886-இல் காஸ்தோன் மாஸ்பெரோ என்ற பிரெஞ்சு தொல்லியலாளர் இந்த மம்மியின் துணியைப் பிரித்தே பார்த்துவிட்டார், இருந்தும் கழுத்தைச் சுற்றியிருந்த தடித்த துணி அப்படியே இருந்துவிட்டது. அப்புறம் எடுத்த எக்ஸ்ரேயிலும் ஒன்றும் பிடிபடவில்லை, ஏனென்றால் எக்ஸ்ரேயில் எலும்பு தெரிகிற அளவுக்குத் தசைக் காயம் தெரியாது. சிடி படங்களை வைத்து 2012-இல் வெளியான கட்டுரைதான் முடிச்சை அவிழ்த்தது. குரல்வளைக்குக் கீழே எலும்பு வரைக்கும் போன வெட்டு, மூச்சுக்குழலும் உணவுக்குழலும் பெரிய ரத்தக்குழாய்களும் அறுந்திருக்கின்றன. உயிர் பிழைக்க வாய்ப்பே இல்லாத வெட்டு. பதப்படுத்தியவர்கள் அந்தக் காயத்துக்குள் ஹோரஸ் என்ற தெய்வத்தின் கண் வடிவத் தாயத்து ஒன்றை வைத்து மூடியிருக்கிறார்கள், செத்த பிறகாவது காயம் ஆறட்டும் என்று. துணியைப் பிரித்தும் தெரியாத கொலை, பிரிக்காமல் தெரிந்தது.

துட்டன்காமன் என்ற இன்னொரு மன்னர் விஷயத்தில் நேர் எதிர். 1968-இல் எடுத்த எக்ஸ்ரேயில் மண்டைக்குள் எலும்புத் துண்டு தெரிந்ததால், பின்மண்டையில் அடித்துக் கொன்றார்கள் என்று கதை கிளம்பி டிவி வரைக்கும் ஓடியது. 2005 ஜனவரியில் கல்லறைக்கு வெளியே மெஷினைக் கொண்டுபோய் 1,700 படங்கள் வரை எடுத்தார்கள். பதப்படுத்தும்போது மண்டைக்குள் ஊற்றிய பிசினில் அந்தத் துண்டுகள் ஒட்டியிருக்கவில்லை, தனியாகக் கிடந்தன. அடித்துக் கொன்றதில் உடைந்திருந்தால் பிசினோடு உறைந்திருக்க வேண்டும். ஆக, பிறகு உடைந்தது. கொலைக் கதை அங்கேயே படுத்துவிட்டது. அவருக்கு மலேரியா இருந்தது என்று 2010-இல் வந்த டிஎன்ஏ ஆய்வைக் காட்டி, மலேரியாவால்தான் செத்தார் என்று அடித்துச் சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். கிருமியின் டிஎன்ஏ கிடைப்பது வேறு, அதனால்தான் உயிர் போனது என்பது வேறு. அதோடு அந்த வெக்கையில் டிஎன்ஏ சீக்கிரம் சிதைந்துவிடும், தொட்டவர்களின் டிஎன்ஏயும் கலந்துவிடும், அதனால் மம்மி டிஎன்ஏ முடிவுகள் பலவற்றின் மேல் இன்னும் சண்டை நடக்கிறது.

நம் காலத்தில் யாரும் துணியே பிரிக்காத மன்னர் வேண்டுமென்றால் முதலாம் அமென்ஹோதெப். முகமூடியும் பூமாலைகளும் அவ்வளவு அழகாக இருந்ததால் மாஸ்பெரோவே கைவைக்க மனசில்லாமல் விட்டுவிட்டார். கெய்ரோ பல்கலைக்கழகக் கதிரியக்க நிபுணர் சஹார் சலீம், எகிப்தியத் தொல்லியலாளர் ஸாஹி ஹவாஸோடு சேர்ந்து 2021-இல் அந்த ஸ்கேன் முடிவுகளை வெளியிட்டார். வயது சுமார் 35, உயரம் 169 செ.மீ., பல் நன்றாக இருக்கிறது, துணிக்குள் 30 தாயத்துகள், இடுப்பில் தங்கமணி அரைக்கச்சை. திருடர்கள் தலையைத் தனியாகப் பிய்த்திருக்கிறார்கள், நானூறு ஆண்டுகள் கழித்து வந்த பூசாரிகள் அதைத் துணியும் பிசினும் வைத்து ஒட்டித் திரும்பச் சுற்றியிருக்கிறார்கள். பழைய மம்மிகளின் நகைகளை எடுக்கத்தான் இந்தப் பூசாரிகள் பிரித்தார்கள் என்று சலீமே முன்பு நினைத்தாராம். இந்த உடம்பில் நகை அப்படியே இருக்கிறது.

உடம்பைத் தொடாமல் இன்னொரு வழியும் உண்டு, பதப்படுத்தியவர்களின் பானைகள். 2016-இல் எகிப்தின் சக்காராவில் பூமிக்கடியில் ஒரு பட்டறையே கிடைத்தது. அங்கே சில பானைகளில் 'தலைக்கு' என்பது போன்ற குறிப்புகள் எழுதியிருக்கின்றன. 31 பானைகளில் ஒட்டியிருந்த கசடை வேதியியல் முறையில் பிரித்துப் பார்த்து 2023-இல் முடிவு வெளியிட்டார்கள். அதில் குங்கிலியம் வகைப் பிசினும் இருக்கிறது, எகிப்தில் விளையாதது, தெற்கு, தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்து போனது. இரண்டாம் ராம்செஸின் மூக்குக்குள் மிளகு கிடைத்ததை ஏற்கெனவே படித்திருப்பீர்கள். அது இந்தப் பட்டறைக்கும் பல நூறு ஆண்டுகள் முந்தையது.