மேட்டர் ரெடியா? வெப்சைட் கேள்வி பதில்

அச்சகத்தில் பல வருடம் இருந்துவிட்டு வெப்சைட் வேலைக்கு வந்தவன் நான். நோட்டீஸ் அடிக்க வருகிறவர்களிடம் அன்று கேட்டதைத்தான் இன்றும் முதலில் கேட்கிறேன்: "மேட்டர் ரெடியா?" மேட்டர் என்றால் உள்ளே போட வேண்டிய எழுத்து.

கேள்வி: வீட்டில் பலகாரம் செய்து விற்கிறேன் அண்ணா. டிசைனைக் காட்டினால் அதற்கேற்ப எழுதித் தருகிறேன் என்றேன். டிசைனர் முடியாது என்கிறார். இது என்ன நியாயம்?

அவர் பக்கம்தான் நியாயம். நீங்கள் எழுதித் தராத இடத்தில் அவர் 'லோரம் இப்சம்' என்ற வெற்று உரையை நிரப்ப வேண்டியிருக்கும். கி.மு. 45ல் சிசரோ எழுதிய லத்தீன் நூலிலிருந்து பிய்த்து எடுத்து, அர்த்தமில்லாமல் குழப்பிவிட்ட துண்டு அது. 1960களில் லெட்ராசெட் என்ற, தேய்த்தால் எழுத்து ஒட்டிக்கொள்ளும் தாள்கள் வழியாக டிசைனர்களிடம் பரவியது. தேவைக்கேற்ப வெட்டிக்கொள்ளலாம் என்பதால், எந்தப் பெட்டியிலும் அழகாக உட்காரும். உங்கள் சரக்கு அப்படி உட்காராது. 'தட்டை' ஒரே சொல். பக்கத்திலேயே 'கருப்பட்டி தினை அதிரசம்' வந்தால் பெட்டி பிதுங்கும்.

இன்றைக்கே ஒரு பலகாரத்துக்கு மட்டும் எழுதிப் பாருங்கள். எடை, விலை, எந்த எண்ணெய், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், வெளியூருக்கு அனுப்பினால் கூரியர் செலவு யாருடையது. அந்தக் கடைசிக் கேள்வியில் பேனா நிற்கும் பாருங்கள், அதை நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். டிசைனர் எப்படி முடிவு செய்வார்? உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தந்த 14 இலக்க எண்ணையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் சார். 'எங்களைப் பற்றி' பக்கத்தில் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை.

அந்த இரண்டு வரியும் 'பாரம்பரியம், தரம், நம்பிக்கை' என்றுதானே இருக்கிறது? அடித்துவிடுங்கள். ஒரு வாரம் போன் பக்கத்தில் நோட்டு வையுங்கள். கூப்பிடுகிறவர் கேட்பதை அவர் வார்த்தையிலேயே குறியுங்கள்: "சாயம் போகுமா?", "டபுள் காட்டுக்குப் பத்துமா?", "கைத்தறியா, பவர்லூமா?" சனிக்கிழமை அந்த நோட்டைத் திறந்தால் பாதி வெப்சைட் அதில் இருக்கும்.

கேள்வி: நான் புதிதாக வந்த டிசைனர். ஆங்கிலத்துக்கென்று செய்த டெம்ப்ளேட்டில் (தயார் நிலை வடிவமைப்பில்) தமிழைப் போட்டால் எல்லாம் உடைகிறது.

உடையத்தான் செய்யும். 'புக்' என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்துக்கு அளந்த பட்டனில் 'முன்பதிவு செய்யுங்கள்' எப்படி நுழையும்? மேலே டி, கீ கொக்கி போடும். கீழே பு, சு கால் நீட்டும். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு எழுத்தளவைப் போல் 1.4 மடங்கு வைத்தால் தமிழுக்கு 1.7 மடங்கு வரை போவேன். வேறு எதுவும் வராவிட்டாலும் மெனுச் சொற்களை மட்டும் முதலில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: பழைய பிரோஷர் மேட்டர் முழுக்க பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அப்படியே ஒட்டலாமா?

ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி பழைய முறை எழுத்துரு, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், மேலே தமிழ் வடிவம் போர்த்தியிருக்கும். எல்லாக் கணினியும் போனும் தமிழாகவே படிக்கும் யூனிகோடு முறைக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. ஆனால் மாற்றியதும் வரி வரியாகப் படியுங்கள். ஒருமுறை ஒரு மோட்டார் கடைப் பட்டியலைப் படிக்காமல் ஏற்றிவிட்டேன். ஆங்கிலத்தில் இருந்த மாடல் எண்களையும் கருவி தமிழாக்கிவிட்டது. "என்ன தம்பி, மந்திரம் எழுதியிருக்கிறாய்?" என்றார் முதலாளி.

கேள்வி: ஏஐ-யிடம் எழுதச் சொன்னால் என்ன?

விவரம் கொடுத்தால் கோர்த்துத் தரும். வெறுமனே கேட்டால், போன வருடம் திறந்த கடைக்கு 25 ஆண்டு அனுபவம் என்று அதுவே போட்டாலும் போடும்.

கேள்வி: அப்படியானால் எல்லாப் பக்கமும் எழுதி முடியும்வரை டிசைனர் சும்மா இருக்க வேண்டுமா?

வேண்டாம். முகப்பு, ஒரு பொருளின் பக்கம், தொடர்பு விவரம், இந்த மூன்றும் உண்மையான எழுத்தாக வந்தால் அவர் தொடங்கலாம். எல்லோரும் மறப்பது பணம் திருப்பித் தரும் விதிமுறையும் தனியுரிமைப் பக்கமும். இவை இல்லாவிட்டால் ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வேக்காரர்கள் அனுமதி தராமல் நிறுத்திவைப்பார்கள். திறப்பு விழா தேதி தள்ளிப்போகும்.

அப்புறம் இன்னொன்று. எழுதியதை ஒரே ஃபைலில், பக்கத்துக்கு ஒரு தலைப்பாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருங்கிப்போகும். ராத்திரி பதினொன்றரைக்கு ஏழு வாய்ஸ் நோட் அனுப்பிவிட்டு "மேட்டர் அனுப்பியாச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.