எர்த் போல்ட்டைக் கண்டுபிடித்த பையன் எதைப் படிக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

சென்ற வாரம் தாங்களும் தங்கள் கணவரும் மகனுடன் என் ஆலோசனை அறைக்கு வந்து, அவனுடைய மேற்படிப்பு பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பியபோது, ‘கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடியாக அமையும்’ என்று வாசலில் நின்று சொன்னேன். அது வழியனுப்பும் மரியாதைக்குச் சொன்னது. அதையே என் முடிவாக எடுத்துக்கொண்டு, கடன் வாங்கிக் கணினிப் பொறியியல் படிப்புக்கு முன்பணம் கட்டிவிடப் போகிறீர்களோ என்ற அச்சத்தில் இதை எழுதுகிறேன். அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம்.

நாலு பேர் கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு படிப்பு வேண்டும் என்கிறார் பையனின் பெரியப்பா. கேட்கப்போகும் அந்த நாலு பேரும் கடன் தவணையில் பங்கு ஏற்கப் போவதில்லை. வழக்கமான படிப்புகளைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதும் இல்லை. அவற்றைச் சொல்லத் தங்கள் உறவில் ஆள் பஞ்சமில்லை.

‘எந்நேரமும் கார்களில் ஆம்ப்ளிஃபயர் மாட்டிக்கொண்டு திரிகிறான்’ என்று, பாட்டின் ஒலியைப் பெருக்கும் அந்தக் கருவியைச் சொல்லித் தாங்கள் வருத்தப்பட்டபோது, அவன் ஒன்றும் பேசாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தை என் மேசையில் வைத்தான். இந்தப் படிப்பு ஆலோசகர் வேலைக்கு வருமுன் சில ஆண்டுகள் தொழிற்பயிற்சிப் பட்டறையில் மின்னியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், அதில் இருந்ததை என்னால் படிக்க முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் காரில் தாழ்ஸ்வரம் அதிரும்போதெல்லாம் முகப்பு விளக்குகள் மங்கியிருக்கின்றன. பேட்டரியை மாற்று என்றார் ஒருவர். மின்னூட்டத்தைச் சேமித்துச் சட்டென்று விடுவிக்கும் ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போடு என்றார் இன்னொருவர். இவனோ எதையும் வாங்கச் சொல்லாமல், என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஒரே சீரான ஒலியை ஒலிக்கச் செய்து, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்திருக்கிறான். பேட்டரி முனைகளில் 13.6 வோல்ட், பின்புறம் ஆம்ப்ளிஃபயர் முனைகளில் 11.3 வோல்ட். இடையே தொலைந்த 2.3 வோல்ட் எங்கே போனது என்று பாதி பாதியாகப் பிரித்து அளந்ததில், பாசிட்டிவ் கேபிள் தின்றது 0.4 வோல்ட்தான். மீதி 1.9 வோல்ட்டும் எர்த் பக்கம், அதாவது மின்னோட்டம் வண்டியின் உடல் தகடு வழியே பேட்டரிக்குத் திரும்பும் பக்கம், போயிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். 80 ஆம்பியர் ஓடினால் அந்த ஓர் இணைப்பில் மட்டும் 150 வாட் வெப்பம் உண்டாகும். பளபளப்பான தகடு தெரியும்வரை சுரண்டி மறுபடி முறுக்கிய பின் அங்கே 0.1 வோல்ட் என்று எழுதி, தேதியும் போட்டிருக்கிறான்.

கெப்பாசிட்டர் ஏன் உதவாது என்று கேட்டேன். 13.6 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது ஒரு ஃபாரட் தரக்கூடியது 1.6 கூலோம் மின்னூட்டம்தான், 80 ஆம்பியர் கேட்கும் இடத்தில் அது ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குத்தான் தாங்கும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினான். அட்டைப்பெட்டியில் 3000 வாட் என்று அச்சிட்ட ஆம்ப்ளிஃபயரின் உள்ளே 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டே இருப்பதைக் காட்டி, 60 ஆம்பியரை 13.8 வோல்ட்டால் பெருக்கினாலே 828 வாட்தான் உள்ளே போகிறது, வெளியே 3000 எப்படி வரும் என்று சிரித்தான். கல்லூரி விளம்பரங்களுக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

இவனுக்கு நான் பரிந்துரைப்பது வாகன மின்னியல், மின்னணுவியல் டிப்ளமோ. இதை மெக்கானிக் வேலையோடு சேர்த்து எண்ணிவிடாதீர்கள். இன்றைய வண்டியில் பழுது என்று வருவதில் கணிசமான பங்கு வயரிங்கிலும் சென்சாரிலும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் இருக்கிறது. அதைக் குருட்டடியாகப் பாகம் மாற்றித் தீர்க்க முயல்பவர்கள் பலர், அளந்து தீர்ப்பவர்கள் சிலர். அந்தப் படிப்பில், என்ஜின் சுழற்சியிலிருந்து மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், என்ஜின் உறுமும் வேகத்திலும் மெதுவோட்டத்திலும் எவ்வளவு மின்னோட்டம் தரும் என்பதை வளைகோடாக வரைவார்கள். வயரிங் வரைபடத்தைப் படிப்பது, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் சென்சார் அலையைப் பார்ப்பது, 1986-இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘கேன்’ தகவல்தடத்தில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதைத் தொடர்வது எல்லாம் உண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும். ஆம்ப்ளிஃபயரின் எர்த்தை நேராக அந்த முனையில் கட்டினால் அந்த மின்னோட்டம் சென்சாரின் கணக்கில் வராது. மின்சாரக் காரில் ஆல்டர்னேட்டரே கிடையாது. உயர் அழுத்தப் பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர்தான் 12 வோல்ட்டை இறக்கித் தருகிறது, அந்த உயர் அழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கேபிளைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது. தங்கள் மகன் தட்டுத்தடுமாறித் தனியே கற்றுக்கொண்டிருப்பது இந்தப் படிப்பின் முதல் பாகம்; உயிருக்கு ஆபத்தான பிற்பாகத்தை அவன் தனியே கற்றுக்கொள்ள விடக்கூடாது.

சேர்க்குமுன் பட்டறையைப் போய்ப் பாருங்கள். மாணவர்கள் கழற்றிப் பூட்டிய அடையாளம் வண்டிகளில் இருக்கிறதா, கண்காட்சிப் பொருளாக நிற்கிறதா என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். எத்தனை பேருக்கு ஒரு ஆசிலோஸ்கோப், உயர் அழுத்தப் பயிற்சிக்குக் கையுறை முதற்கொண்டு பாதுகாப்புக் கருவிகள் உண்டா என்று கேளுங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இராது, முதல் சில ஆண்டுகள் சட்டை அழுக்காகத்தான் வீடு திரும்புவான். இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

செலவு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. வீட்டை அடமானம் வைத்து, பையன் விரும்பாத படிப்பில் அவனை நான்கு ஆண்டுகள் உட்கார வைப்பது துணிச்சல் ஆகாது. அந்தக் கடனுக்குக் கட்ட வேண்டியிருக்கும் ஒரு மாதத் தவணைப் பணத்தைக் கொண்டு, வயரை வெட்டாமல் மின்னோட்டம் அளக்கும் நல்ல கிளாம்ப் மீட்டரும், வயர் முனையை அழுத்திப் பொருத்தும் தரமான கிரிம்ப்பிங் கருவியும் வாங்கிக் கொடுங்கள். அவனுக்குக் கணிதம் வராது என்று தாங்கள் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. பள்ளித் தேர்வில் ஓம் விதிக்கு மதிப்பெண் இழந்த அதே பையன்தான் இந்த நோட்டில் அதைப் பதினோரு இடங்களில் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறான்.

அவனிடம் ஒன்று மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள். அவன் வரைந்த படத்தில் முதன்மை ஃபியூஸ் பின்புறம் ஆம்ப்ளிஃபயர் அருகே இருக்கிறது, அது தவறு. அந்த ஃபியூஸ் காப்பாற்ற வேண்டியது கேபிளை; பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்குள் அது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கேபிள் வழியில் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டதும் பேட்டரியின் முழு மின்னோட்டமும் அதில் பாயும், வண்டி தீப்பிடிக்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவனே போய்ச் சொல்லி, மாற்றிக் கொடுத்துவிட்டு வரட்டும். அடுத்த சந்திப்புக்குப் பெரியப்பாவையும் அழைத்து வாருங்கள். நோட்டுப் புத்தகத்தை மறக்க வேண்டாம்.